கீழே வெட்டிய இரண்டு வரிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. கிராபிக்ஸ் டிரைவருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், போடட்டுமா என்று கேட்டது. அவள் கொசுவை அடிக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டினாள். திரை ஒரு கணம் கறுத்து, மீண்டும் வந்தது. என் கையிலிருந்த காப்பி ஆறக்கூட இல்லை.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்ப்பா. இதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மடிக்கணினியின் பக்கவாட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று என் கைமேல் பட்டது. சூடேறிய தூசியின் வாசனை. அது எனக்குப் பழக்கமான வாசனை. அதை முகர்ந்தால் நான் எங்கே இருந்தாலும் கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு அலுவலகத்தின் பின்கட்டு அறைக்குப் போய்விடுவேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அதற்குள் நுழைய வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பது காரணம். ஆனால் திரைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும், ஊதுபத்திச் சாம்பல் விசைப்பலகையில் உதிர்ந்துகொண்டிருக்கும். அதை யாரும் தூசிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்தை வரவழைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இன்றைக்கு இதைச் சொன்னால் தண்ணீரை ஈரமாக்குவது எங்கள் பிழைப்பு என்பது போலிருக்கும். அன்றைக்கு அந்தப் பெட்டிகளுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தமிழ் வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கோலம் மாதிரி வரைந்து, திரையில் இந்தப் புள்ளியை ஏற்று, அந்தப் புள்ளியை அணை என்று உத்தரவு போட வேண்டும். உத்தரவை வாங்கிச் செய்வது பெட்டிக்குள் செருகியிருக்கும் ஒரு அட்டை, கிராபிக்ஸ் கார்டு. தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு பாஷை. ஒன்றில் திரை முந்நூற்றுச் சொச்சம் வரிகள், இன்னொன்றில் இருநூறே வரிகள். ஒன்றில் புள்ளிகள் இருக்கும் முகவரி வேறு, இன்னொன்றில் வேறு. ஒரு கார்டுக்கு எழுதிய நிரலை இன்னொன்றில் ஓட்டினால் திரை முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி தெறிக்கும். அந்தந்த கார்டுக்கு ஏற்ற மாதிரி நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

நீங்கள் சிரிப்பீர்கள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த லாட்ஜில் முதல் தடவை அறை எடுத்தபோது மேனேஜர் என் தொழிலைக் கேட்டார். கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேரேட்டில் "டிரைவர்" என்று எழுதிக்கொண்டார். மறுநாள் காலை அறைக்கதவைத் தட்டி, "ஒரு ஜீப்பு சும்மா நின்னுகினு கீது, டிரைவர் வரல. உளுந்தூர்பேட்டை வரைக்கும் வுட்டுட்டு வந்துடறீங்களா?" என்று கேட்டார். எனக்கு சைக்கிளே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டால்தான் வரும்.

ஜீப் டிரைவர் வராததற்குக் காரணம் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சென்னையிலிருந்து வரும் பஸ் எந்த ஊரில் நிற்கும், எப்போது கிளம்பும் என்று நடத்துநருக்கே தெரியாது. ஒரு தடவை உளுந்தூர்பேட்டையோடு பஸ் நின்றுவிட்டது. தியாகதுருகம் பக்கம் புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். சட்டைக்குள் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே பிளாப்பி தட்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டு, பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் டிராக்டரில் தொற்றியும் போனேன். வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னை நிறுத்தினார். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, ஐம்பது வயதிருக்கும்.

"இன்னா வேல உனக்கு?"

முன் அனுபவத்தால் டிரைவர் என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "கம்ப்யூட்டர் வேலங்க" என்றேன்.

"அதுல இன்னா வரும்?"

"பேரு, கணக்கு எல்லாம் வருங்க."

"எங்க பேரு வருமா?"

"வரும்" என்றேன். அவர் மரத்திலிருந்து இறங்கினார். பிறகு குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்து, போகச் சொன்னார்.

யார் எவ்வளவு பேர், யாருக்கு எவ்வளவு என்று தெருவெல்லாம் பேச்சாக இருந்தது. அதனால் எல்லா அலுவலகங்களுக்கும் திடீரென்று பட்டியல் வேண்டியிருந்தது. நான் போன அலுவலகம் எந்தத் துறை என்பது வேண்டாமே. கல்வராயன் மலையிலிருக்கும் குடும்பங்களின் பெயர்களை ஊர்வாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம். யாராவது சாதிச் சான்றிதழ் கேட்டால் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். நல்ல திட்டம்தான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

பெயர்களை அடிக்க ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். ஜரினா என்று பெயர். கடைவீதியில் பூட்டு, ஆணி, கயிறு விற்கும் ஒரு பாயின் மகள். இருபது வயதிருக்கும். தமிழ்த் தட்டச்சில் உயர்நிலை தேறியவள். அந்தக் குடும்பத்தில் பெண்கள் வெளி வேலைக்குப் போனதில்லை. அலுவலகம் கடையிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் அவள் அத்தா சம்மதித்திருந்தார். மத்தியானம் அவரே சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று நீட்டிவிட்டுப் போவார். அவள் அடிக்கும்போது விசைப்பலகையைப் பார்க்க மாட்டாள், திரையையும் அதிகம் பார்க்க மாட்டாள். கண் கையெழுத்துப் படிவத்திலேயே இருக்கும். பத்து வரிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, அடித்ததை வாய்க்குள் படித்துச் சரிபார்ப்பாள்.

முதல் பெட்டிக்கு நான் எழுதிய டிரைவர் நன்றாகவே ஓடியது. ஒரு எழுத்துக்குப் பதினான்கு வரி உயரம். சுழியும் கொம்பும் பளிச்சென்று பச்சை நிறத்தில் தெரியும். அதைப் பார்த்த ஹெட் கிளார்க், தன் பெயரை அடிக்கச் சொல்லி ஊரையே கூட்டிவந்து காட்டினார். பிறகு அந்தப் பெட்டியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு வெல்வெட் துணி போர்த்திவிட்டார். ஜரினாவுக்கு என்று மேலிடத்திலிருந்து இரண்டாவதாக ஒரு பெட்டி வந்தது. அதில் இருந்தது இருநூறு வரிக் கார்டு.

படிவத்தில் ஒரு குடும்பத்துக்குப் பதினாறு வரிகள். பதினாறும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. இருநூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். எழுத்துக்குப் பன்னிரண்டு வரிதான் கிடைக்கும். சரியான வழி, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளையும் பன்னிரண்டு வரி உயரத்துக்குப் புதிதாக வரைவது. ஒரு வாரம் பிடிக்கும். நான் வந்தது திங்கட்கிழமை. வியாழக்கிழமையிலிருந்து மறுபடி சாலை மறியல் என்று பேச்சு அடிபட்டது. புதன் மதியம் பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. லாட்ஜின் மூட்டைப்பூச்சியும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது சாக்கு.

நான் செய்தது இதுதான். பதினான்கு வரி எழுத்துகளையே எடுத்து, ஒவ்வொன்றிலும் கீழிரண்டு வரிகளை வெட்டிவிட்டேன். நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பு, சு, மு மாதிரி கீழே வால் இறங்கும் எழுத்துகளுக்கு மட்டும் வால் போய்விட்டது. பு என்று அடித்தாலும் ப என்றே தெரியும். மு என்று அடித்தாலும் ம தான்.

ஜரினா அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"சார், இந்த மிஷின்ல பு-வும் ப-வும் ஒண்ணு போலத் தெரியுதுங்க."

"உள்ள சரியாத்தான்மா போகும். பிரிண்ட்ல வால் வந்துடும்" என்றேன். அது உண்மை. அச்சுப்பொறிக்கு வேறு எழுத்துரு; அதில் நான் கைவைக்கவில்லை.

"அடிச்சது கண்ணுக்குத் தெரியலன்னா, சரியா அடிச்சனா இல்லையான்னு எனக்கு எப்டிங்க தெரியும்?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பழகிடும்மா. அடுத்த தடவை வரும்போது பாத்துடலாம்."

அவள் அடுத்த படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உகரத்துக்குத் தனி விசை வைத்திருந்தேன். ப அடித்துவிட்டு அதை அழுத்தினால் பு ஆகும். அதே விசையை மறுபடி அழுத்தினால் உகரம் போய்விடும். தப்பாக அடித்தவர்கள் சுலபமாகத் திருத்திக்கொள்ளட்டும் என்று நானே யோசித்துச் சேர்த்தது. கம்பெனியில் அதற்காக என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். இப்போது வால் தெரியாத ஒரு திரைக்கு முன் ஜரினாவை உட்கார வைத்துப் பாருங்கள். அடிக்கிறாள். வால் விழவில்லை. விசை பதியவில்லையோ என்று சந்தேகம். ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும். இன்னொரு தடவை அழுத்துகிறாள். இருந்த வாலும் போய்விடுகிறது.

ஒன்றரை மாதம் கழித்து வரச் சொல்லித் தந்தி வந்தது.

நான் போனபோது ஹெட் கிளார்க்கின் மேசைக்கு முன்னால் ஒரு இளம்பெண்ணும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். மலைக்குப் பஸ் ஓடாததால் கச்சிராயபாளையம் வரை நடந்தே இறங்கி வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு நர்ஸ் பயிற்சிக்கு நேர்காணல் கடிதம் வந்திருந்தது. இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. பள்ளிச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"எம் பேரு முத்தம்மா. இதுல மத்தம்மான்னு கீது. எங்கப்பன் பேரு சுப்பன். சப்பன்னு போட்டுக்கினு கீறீங்க."

"கம்ப்யூட்டர்ல வந்ததும்மா அது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றார் ஹெட் கிளார்க். "லிஸ்ட்டுல இன்னா பேரு கீதோ அதுக்குத்தான் சர்ட்டிபிகேட் தர முடியும். முத்தம்மான்னு இதுல யாருமே இல்ல."

"அப்ப நாங்க யாருங்க?" என்றார் அந்தத் தகப்பன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் எட்டி அந்தத் தாளைப் பார்த்தேன். மத்தம்மா, சப்பன், பதூர். பக்கத்துக்குப் பக்கம் ஐந்தாறு பெயர்கள் இப்படி. ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதிகாரி, அந்த அப்பா மகள் உட்பட எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். ஜரினா சுவரோரம் நின்றாள். "ஏம்மா, இவ்ளோ தப்பு எப்டி வந்துச்சு?" என்று அவளைக் கேட்டார். "திரையில வால் தெரியலீங்க சார்" என்றாள். அது அவருக்குப் புரியவில்லை. ஹெட் கிளார்க்கின் பெட்டியில்தான் அவரும் பார்த்திருக்கிறார்; அதில் எல்லாம் பளிச்சென்று தெரியுமே. என் பக்கம் திரும்பினார்.

"மிஷின்ல எதனா கோளாறா தம்பி?"

"மிஷின் நல்லாத்தாங்க இருக்குது" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஷினில் கோளாறு இல்லை. கார்டில் கோளாறு இல்லை. அவர் டிரைவரைப் பற்றிக் கேட்கவில்லை. டிரைவர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கோளாறு இருப்பது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ஒருத்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

ஜரினா என்னைப் பார்த்தாள். "கல்யாணப் பேச்சு நடக்குதாம். நெனப்பு எங்கியோ" என்றார் ஹெட் கிளார்க். யாரோ சிரித்தார்கள். அவள் தன் மேசைக்குப் போய், பாதி அடித்திருந்த படிவங்களை ஓரம் பார்த்து அடுக்கி வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவள் அத்தாவிடம் ஆள் விட்டுச் சொன்னார்கள்.

முத்தம்மாவின் பெயரைத் திருத்த மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார்கள். எழுதி, பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

நான் லாட்ஜில் எட்டு நாள் தங்கினேன். யாரும் தங்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் நூற்றைம்பது எழுத்துகளையும் பன்னிரண்டு வரிக்குள் அடங்கும்படி புதிதாக வரைந்தேன். பு-வுக்கு வால் வைத்தேன். சு-வுக்கு, மு-வுக்கு வைத்தேன். அந்த இரட்டை அழுத்தல் ஏற்பாட்டையும் பிடுங்கி எறிந்தேன். எதற்கு இந்த மாற்றம் என்று கேட்டதற்கு "புதிய பதிப்பு" என்றேன். எவ்வளவு சௌகரியமான சொல் பாருங்கள். புதிதாக வந்து உட்கார்ந்த பையனுக்கு ஹெட் கிளார்க் அந்தத் திரையைக் காட்டி, "எவ்ளோ பளிச்சுனு கீது பாரு. முன்ன இருந்த பொண்ணுக்கு இது கண்ணுக்குத் தெரியலியாம்" என்றார். நான் பையை மூடிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறும் முன் கடைவீதிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணால உங்களுக்கும் அலைச்சலாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க தம்பி. கவர்மெண்டு ஆபீஸ்னு ஆசப்பட்டு அனுப்பிட்டேன். தப்பு என்னுது."

அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். டீ கையில் சுட்டது. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு துணித்திரை. அதற்கு அந்தப் பக்கமிருந்து ஜரினாவின் குரல் வந்தது.

"சார், இப்ப வால் தெரியுதுங்களா?"

"தெரியுதும்மா" என்றேன்.

"நல்லதுங்க."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஆபீஸ் விஷயம் என்று நினைத்துச் சிரித்தார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு கம்பெனியில் வேறு ஊர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சி போனேன். இப்போது அது மாவட்டத் தலைநகர். கல்யாணம் முடிந்ததும் ஒரு ஜீப் பிடித்து வெள்ளிமலைக்கு ஏறினேன். விசாரித்ததில், பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் முத்தம்மா என்று ஒரு நர்ஸ் இருப்பதாகச் சொன்னார்கள். அவர்தான். அந்த வருஷ வாய்ப்பு கைவிட்டுப் போய், அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போட்டு, இடம் கிடைத்து, படித்து, முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மலையில்தான் வேலை. அதைக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. இறங்கியதே வெட்கமாகவும் இருந்தது. நான் யார், என்ன செய்தேன் என்று அவரிடம் முழுதும் சொன்னேன். மாத்திரைப் பட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வருசம் ராகிக்குக் களை எடுத்துக்கினு இருந்தேன். அவ்ளோதான், போவட்டும்" என்றார். பிறகு நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி? சொவத்தோரம் நின்னுகினு இருந்துச்சே?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது.

இறங்கி நேரே கடைவீதிக்குப் போனேன். பூட்டுக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அதிலிருந்தவர், "பாய் மவுத்தாயி ரொம்ப நாள் ஆவுதுங்க. வூட்ட வித்துட்டு எல்லாரும் போய்ட்டாங்க" என்றார். பெண்ணைப் பற்றிக் கேட்டேன். கல்யாணமாகிப் போயிருக்கும் என்றார். எந்த ஊருக்கு என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. வேலைக்கு எங்காவது போனாளா என்று கேட்டேன். "அவங்க வூட்ல பொம்பளைங்கள வேலைக்கு அனுப்ப மாட்டாங்களே" என்றார் பக்கத்துக் கடைக்காரர், ரொம்ப நிச்சயமாக.

இருநூறு வரிக் கார்டுகள் இப்போது எங்கேயும் இல்லை. பச்சைத் திரை இல்லை, என் கம்பெனி இல்லை. நான் வரைந்த எழுத்துகளைத் திறந்து பார்க்கக்கூட இன்று ஒரு பெட்டி கிடைக்காது. போனால் போகட்டும், அவற்றுக்காக நான் வருத்தப்படவில்லை. அந்தக் கடையில் நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்றே வாக்கியம். பாய், உங்க பொண்ணு தப்பு பண்ணல. அவ மொதல்லயே சொன்னா. நான்தான் கேக்கல. அதைக் கேட்டிருந்தால் அவர் அவளை மறுபடி வேலைக்கு அனுப்பியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, அந்தத் துணித்திரையை விலக்கி உள்ளே போகும்போது, மகளை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்.